ஸ்டாக்லெஸ் கோரூட்டீன்: சி, சி++, ரஸ்ட், ஸிக் – பயன்படுத்திப் பார்த்த ரிவ்யூ

கோரூட்டீன் என்றால் பாதியில் நின்று, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஃபங்ஷன். முதலில் மதிப்பெண். ரஸ்டின் அசிங்க்–அவெய்ட்டுக்கு (அசிங்க் ஃபங்ஷனைக் கோரூட்டீனாக்கும், அவெய்ட் நிற்கும் இடத்தைக் குறிக்கும்) 5க்கு 4. சி++20 கோரூட்டீனுக்கு 3. சி மொழியில் மேக்ரோவை (கம்பைல் ஆகும் முன் கோடாக விரியும் சுருக்கத்தை) வைத்தே ஓட்டும் புரோட்டோத்ரெட்ஸுக்கு, அதன் வயதையும் எடையையும் பார்த்து, 3.5. ஸிக்குக்கு மதிப்பெண் போட வழியில்லை, விற்றுக்கொண்டிருந்த பொருளை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எண் மட்டும் போதும் என்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

மற்றவர்களுக்கு: நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன். பாதியில் நின்ற ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்கள் எங்கே இருக்கின்றன, அந்த இடம் எவ்வளவு பெரியது என்பது யாருக்கு, எப்போது தெரியும்? சின்டாக்ஸ் அழகா, கீவேர்டு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதெல்லாம் கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். மேலே சொன்ன கேள்விக்கு ஒரு மொழி கொடுத்திருக்கும் பதில் அப்படிப் பழகாது, ப்ராஜெக்ட் முடியும்வரை கூடவே வந்து இடித்துக்கொண்டே இருக்கும்.

கோரூட்டீன் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. மெல்வின் கான்வே 1958-லேயே இந்தப் பெயரை வைத்துவிட்டார். 1963-இல் கோபோல் கம்பைலர் ஒன்றின் வடிவமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், கம்பைலரின் ஒவ்வொரு பகுதியும் மற்றதை அழைக்கும் மேலதிகாரி போல இல்லாமல், சரிசமமாக ஒன்றுக்கொன்று வேலையைக் கைமாற்றிக்கொள்ளலாம் என்று காட்டினார். சாதாரண ஃபங்ஷன் உள்ளே போனால் முடித்துவிட்டுத்தான் வெளியே வரும். கோரூட்டீன் நடுவில் நின்று, அழைத்தவரிடம் கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் "விட்ட இடம்" என்பதை எங்கே எழுதி வைப்பது? ஒரு வழி, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக் (ஓடும் ஃபங்ஷன்களின் லோக்கல் வேரியபிள்கள் அடுக்கி வைக்கப்படும் நினைவகம்) கொடுத்துவிடுவது. கோ மொழி இப்படித்தான் செய்கிறது, 2 கிலோபைட்டில் தொடங்கி, போதவில்லை என்றால் பெரிய இடம் ஒதுக்கி, பழைய ஸ்டாக்கை மொத்தமாக அங்கே நகலெடுத்து, அதற்குள் காட்டும் பாயிண்டர்களையும் (நினைவக முகவரிகளையும்) திருத்திவிடும். எது பாயிண்டர், எது வெறும் எண் என்று அந்த ரன்டைமுக்கு (நிரலோடு கூடவே ஓடும் மொழியின் துணை நிரலுக்கு) தெரியும் என்பதால் இது முடிகிறது. சி++-இலோ ரஸ்டிலோ பாயிண்டரை எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம், சி லைப்ரரி ஒன்றிடம் கொடுத்தும் வைத்திருக்கலாம், அதனால் ஸ்டாக்கை நகர்த்த முடியாது, முன்கூட்டியே தாராளமாக ஒதுக்கத்தான் வேண்டும். இன்னொரு வழிதான் ஸ்டாக்லெஸ்: கம்பைலரே ஃபங்ஷனைப் பிரித்து ஸ்டேட் மெஷினாக (எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று குறித்துவைத்து அங்கிருந்து தொடரும் நிரலாக) மாற்றி, நிற்கும் இடங்களைத் தாண்டி உயிரோடு இருக்க வேண்டிய வேரியபிள்களை மட்டும் ஒரு சின்ன ஃப்ரேமில் போட்டுவிடும். ஸ்டாக்லெஸ் என்றால் ஸ்டாக்கே கிடையாது என்று அர்த்தமில்லை, ஓடும்போது அழைத்தவரின் ஸ்டாக்கில்தான் ஓடும், நிற்கும்போது அதில் எதையும் விட்டுவைக்காது.

இதற்கு விலை உண்டு. கோரூட்டீன் தன் சொந்த உடம்புக்குள் மட்டுமே நிற்க முடியும். அது அழைக்கும் சாதாரண ஃபங்ஷன் ஒன்று, அதன் சார்பில் நிறுத்த முடியாது. நடுவில் இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் கோரூட்டீனாக மாறியாக வேண்டும். நிற்கத் தெரிந்தது, தெரியாதது என்று ஃபங்ஷனுக்கு நிறம் வந்துவிட்டது என்று எல்லோரும் புலம்புவது இதைத்தான்.

சரி, சி மொழியிலிருந்து தொடங்கலாம்.

1983-இல் டாம் டஃப், ஸ்விட்ச் என்ற, மதிப்பைப் பார்த்து வெவ்வேறு வரிக்குத் தாவும் கட்டளையின் கேஸ் லேபிள்களை லூப்புக்கு நடுவிலேயே செருகலாம் என்று கண்டுபிடித்தார். நகலெடுக்கும் லூப்பை வேகமாக்கத்தான் அவர் அதைச் செய்தார், ஆனால் 2000-இல் சைமன் டாதம் அதே குறுக்குவழியை வைத்து சி-யில் கோரூட்டீனே செய்யலாம் என்று எழுதினார். ஃபங்ஷன் தொடங்கும் இடத்தில் ஒரு ஸ்விட்ச், நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த வரி எண்ணையே கேஸாக வைத்த ஒரு மேக்ரோ. நிற்கும்போது வரி எண்ணைச் சேமி, திரும்ப அழைத்தால் அந்த வரிக்கே தாவு. அவருடைய புட்டி என்ற ரிமோட் லாகின் மென்பொருளிலேயே இது வேலை செய்துகொண்டிருக்கிறது. 2005 வாக்கில் ஆடம் டங்கல்ஸ் இதைச் செதுக்கி புரோட்டோத்ரெட்ஸ் ஆக்கினார், கான்டிகி என்ற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் முழுக்க அதன் மேல்தான் நடக்கிறது.

ஒரு புரோட்டோத்ரெட்டுக்கு ஆகும் நினைவகம் 2 பைட். வரி எண் மட்டும். எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலரில் மொத்த ரேமே சில கிலோபைட்தான் என்னும்போது இந்தக் கணக்கோடு வேறு எதுவும் மோத முடியாது. ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) இல்லை, ரன்டைம் இல்லை, விசேஷ கம்பைலர் இல்லை, ஒரு ஹெடர் ஃபைல் போதும்.

குறை எங்கே என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் புரியும். ஒரு ஃபார் லூப், அதில் ஐ என்ற லோக்கல் எண், லூப்புக்குள் சென்சார் தயாராகும்வரை காத்திருக்கும் மேக்ரோ. ஐ-யின் மதிப்பு 3 ஆக இருக்கும்போது நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வரி சரியாகத்தான் இருக்கும், ஐ-யில் மட்டும் அந்த நேரத்தில் ஸ்டாக்கில் கிடந்த குப்பை இருக்கும். சில பில்டில் அதிர்ஷ்டவசமாக 3-ஆகவே இருந்து தொலைக்கும், அதுதான் இன்னும் மோசம். உடனே கை தானாக ஐ-க்கு முன்னால் ஸ்டாட்டிக் (அழைப்புகளுக்கு இடையே மதிப்பை வைத்திருக்கும் கீவேர்டு) என்று சேர்க்கும், பிரச்சினையும் தீர்ந்த மாதிரி தெரியும், இரண்டாவது சென்சாருக்கு அதே ஃபங்ஷனை ஓட்டும்வரை, ஏனென்றால் இப்போது இரண்டுக்கும் ஒரே ஐ. கடைசியில் எல்லா வேரியபிளையும் ஒரு ஸ்ட்ரக்டில் போட்டு அதன் பாயிண்டரை அனுப்புவதில்தான் வந்து நிற்பீர்கள். அதாவது ஃப்ரேமை நீங்களே கையால் செய்கிறீர்கள். என் கேள்விக்கு இங்கே பதில்: ஃப்ரேம் உங்கள் பொறுப்பு, அளவும் உங்களுக்கே தெரியும். நேர்மையான பதில், அதற்காகத்தான் 3.5. கோரூட்டீனுக்குள் இன்னொரு ஸ்விட்ச் எழுதி, அதற்குள் நிற்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிசிசி கம்பைலரின் லேபிள் பாயிண்டர் வசதியைப் பயன்படுத்தும் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

நடுவில் ஒரு தாவல். அசிங்க், அவெய்ட் என்ற ஜோடியைப் பெரும் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது 2012-இல் வந்த சி ஷார்ப் 5. அதற்கு முன்பே 2007-இல் எஃப் ஷார்ப்பில் அதன் வேர் இருந்தது. அங்கே ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை, கவலைப்படத் தேவையும் இல்லை, தேவைப்பட்டால் ஹீப்பில் போய்விடும், குப்பை அள்ளுபவர் (பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர்) பார்த்துக்கொள்வார். அந்த வசதியைப் பார்த்து ஆசைப்பட்டு, குப்பை அள்ள ஆளில்லாத மொழிகள் அதைக் கேட்டபோதுதான் கதை சூடு பிடித்தது.

சி++-க்கு வருவோம். 2012-இல் மைக்ரோசாஃப்டின் நிக்லாஸ் குஸ்டாஃப்ஸன் ரிசூமபிள் ஃபங்ஷன் என்ற பெயரில் சி++ ஸ்டாண்டர்ட் கமிட்டிக்குக் கொண்டுபோன யோசனையை, அதே நிறுவனத்தின் கோர் நிஷானவ் 2014 முதல் கையிலெடுத்து உருட்டித் திரட்டினார். 2017-இல் டெக்னிக்கல் ஸ்பெசிஃபிகேஷன் ஆனது, 2019 பிப்ரவரியில் கோனா கூட்டத்தில் சி++20-க்குள் ஏறியது. நிஷானவ் 2015-இல் ஒரு மாநாட்டில் இதை "நெகட்டிவ் ஓவர்ஹெட்" என்று அறிமுகப்படுத்தினார், கையால் எழுதிய கால்பேக் (வேலை முடிந்ததும் அழைக்கக் கொடுத்துவைக்கும் ஃபங்ஷன்) ஸ்டேட் மெஷினைவிட இது வேகமாகவும் சின்னதாகவும் இருக்கும் என்ற பொருளில். விளம்பரம் பொய்யில்லை. ஒரு ஜெனரேட்டரை (கேட்கக் கேட்க அடுத்த மதிப்பைத் தரும் கோரூட்டீனை) கூப்பிட்டு எண்களைக் கூட்டும் சின்ன நிரலை க்ளாங் கம்பைலர் மொத்தமாக உருக்கி, ஒரே ஒரு கான்ஸ்டண்ட்டாக மாற்றுவதை நீங்களே அசெம்ப்ளியைத் திறந்து பார்க்கலாம். அதை முதல்முறை பார்க்கும்போது யாருக்கும் கொஞ்சம் சிலிர்க்கும்.

ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? கோ_அவெய்ட், கோ_யீல்ட், கோ_ரிட்டர்ன் என்று மூன்று கீவேர்டு, கோரூட்டீன் ஹாண்டில் (நிற்கும் கோரூட்டீனை எழுப்பும் பிடி), எப்போதும் நில், ஒருபோதும் நிற்காதே என்ற இரண்டு குட்டி டைப்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான். டாஸ்க் (பிறகு முடியப்போகும் வேலையைக் குறிக்கும் பொருள்) இல்லை, ஜெனரேட்டர் இல்லை, ஷெட்யூலர் (எதை எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வது) இல்லை. கட்டில் வாங்க வந்தவனிடம் மரத்தையும் ரம்பத்தையும் கொடுத்து, மிக உயர்ந்த ரம்பம் என்று சான்றிதழும் சேர்த்து அனுப்பிவைத்த கதை. ப்ராமிஸ் டைப் என்று ஒன்றை நீங்களே எழுத வேண்டும்: தொடக்கத்தில் நிற்க வேண்டுமா, முடிவில் நிற்க வேண்டுமா, எக்செப்ஷன் வந்தால் என்ன, அழைத்தவருக்குத் திருப்பித் தரும் பொருள் எது, எல்லாவற்றுக்கும் தனித்தனி மெத்தட். முடிவில் நிற்காமல் விட்டால் ஃப்ரேம் தானாக அழிந்துவிடும், அப்புறம் கையில் இருக்கும் ஹாண்டிலைத் தொட்டால் அழிந்த நினைவகத்தைத் தொடுகிறீர்கள். இது லைப்ரரி எழுதுபவர்களுக்கான வசதி, சாதாரண ஆட்களுக்கு இல்லை என்று வாதாடுவார்கள். சரிதான், ஆனால் சாதாரண ஆட்களுக்கான ஜெனரேட்டர் ஸ்டாண்டர்டில் வர சி++23 ஆனது, டாஸ்க் சி++26-க்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. நடுவில் இருந்த ஆண்டுகளில் ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு டாஸ்க் எழுதிக்கொண்டது, அவை ஒன்றோடொன்று பேசுவதில்லை.

ஃப்ரேம் கேள்விக்கு சி++ சொல்லும் பதில் சுவாரசியமானது. ஃப்ரேம் ஹீப்பில் இருக்கும், அளவு உங்களுக்குத் தெரியாது, கம்பைலரின் முன்பகுதிக்கும் தெரியாது. ஆப்டிமைசர் தேவையற்ற வேரியபிள்களை எல்லாம் கழித்த பிறகுதான் எல்எல்விஎம் (க்ளாங்குக்கும் ரஸ்டுக்கும் பின்னால் இருந்து மெஷின் கோட் உருவாக்கும் பகுதி) ஃப்ரேமின் வடிவத்தை முடிவு செய்கிறது. சைஸ்ஆஃப் (இந்த டைப் எத்தனை பைட்) என்ற கேள்விக்கோ அதற்கு வெகு முன்பே பதில் சொல்லியாக வேண்டும். எனவே ஃப்ரேமை ஒரு டைப்பாகக் கையில் கொடுக்க வழியில்லை, ஹாண்டில் என்ற ஒரே ஒரு பாயிண்டர்தான் கிடைக்கும். கூகுளைச் சேர்ந்த சிலர் ஃப்ரேமைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாகவே கொடுங்கள் என்று மாற்று முன்மொழிவு வைத்தார்கள், அது எடுபடவில்லை.

இந்த முடிவில் நன்மை இல்லாமல் இல்லை. ஆப்டிமைசர் கழித்த பிறகு மிஞ்சுவது மட்டுமே ஃப்ரேமில் இருப்பதால் அது ஒல்லியாக இருக்கும். ஹாண்டில் ஒரு பாயிண்டர்தான் என்பதால் கோரூட்டீனின் உடம்பைத் தனி ஃபைலில் மறைக்கலாம், வர்ச்சுவல் ஃபங்ஷனாக்கலாம் (எதை அழைப்பது என்பது ஓடும்போது முடிவாகும்), ரிகர்ஷன் (தன்னையே அழைப்பது) பண்ணலாம், எதுவும் விசேஷமாகச் செய்ய வேண்டியதில்லை. ஹீப் ஒதுக்கீட்டைக் கம்பைலர் சில சமயம் முழுசாக நீக்கிவிடும். கோரூட்டீனின் ஆயுள் அழைத்தவரின் ஆயுளுக்குள் அடங்கியிருக்கிறது என்று அதற்கு நிரூபணம் கிடைத்தால் ஃப்ரேமை அழைத்தவரின் ஃப்ரேமுக்குள்ளேயே வைத்துவிடும். சில சமயம் என்பதுதான் உதைக்கிறது. ஹீப்பே கூடாது என்று கண்டிப்பான இடத்தில் "பெரும்பாலும் ஒதுக்காது" என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ப்ராமிஸில் ஆபரேட்டர் நியூவை (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனை) நீங்களே எழுதி, சொந்த அரினாவிலிருந்து (முன்பே ஒதுக்கிவைத்த நினைவகத் துண்டிலிருந்து) கொடுக்கலாம். கொடுக்கலாம்தான், ஆனால் எத்தனை பைட் கேட்கும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், கம்பைலர் பதிப்பு மாறினால் அதுவும் மாறும்.

3 மதிப்பெண்ணாகக் குறைந்ததற்கு முழுக் காரணம் அது இல்லை. ரெஃபரன்ஸ், அதாவது வேறு இடத்தில் இருக்கும் பொருளை நகலெடுக்காமல் சுட்டுவது, அதுதான் காரணம். ஒரு கோரூட்டீன் ஸ்ட்ரிங்கை கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்குகிறது, சி++-இல் பல வருடமாக எல்லோருக்கும் அதுதான் நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதை ஒரு லிட்டரலோடு (கோடில் நேரடியாக எழுதிய எழுத்துகளோடு) அழைத்து, திரும்பக் கிடைத்த டாஸ்கை ஒரு வேரியபிளில் வைத்து, அடுத்த வரியில் காத்திருக்கிறீர்கள். பாராமீட்டர்கள் ஃப்ரேமுக்குள் நகலாகும், ஆனால் ரெஃபரன்ஸின் நகல் ரெஃபரன்ஸ்தான். லிட்டரலிலிருந்து உருவான தற்காலிக ஸ்ட்ரிங் முதல் வரியின் அரைப்புள்ளியிலேயே செத்துவிட்டது. டாஸ்க் விழித்து எழுந்து அதைப் படிக்கும்போது, சின்ன ஸ்ட்ரிங் என்றால் பெரும்பாலும் சரியான எழுத்துகளே கிடைக்கும், டெஸ்ட் எல்லாம் பச்சை. லாம்டா (அங்கேயே எழுதும் பெயரில்லாத ஃபங்ஷன்) இன்னும் மோசம். கேப்ச்சர் செய்தவை, அதாவது வெளியிலிருந்து அது பிடித்துவைத்த வேரியபிள்கள் எல்லாம் லாம்டா ஆப்ஜெக்டில்தான் இருக்கும், ஃப்ரேமில் இல்லை. அந்த லாம்டா ஒரு தற்காலிகப் பொருள் என்றால், முதல் கோ_அவெய்ட்டுக்குப் பிறகு மதிப்பாகப் பிடித்த வேரியபிளும் காலி. சி++ கோர் கைட்லைன்ஸில் இதற்கென்றே விதிகள் இருக்கின்றன: கேப்ச்சர் செய்யும் லாம்டாவைக் கோரூட்டீனாக்காதே, ரெஃபரன்ஸில் வாங்காதே, லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொட வைக்கும் பூட்டை) பிடித்துக்கொண்டு நிற்காதே. மூன்றும் நல்ல விதிகள். மூன்றில் எதையும் மீறினால் கம்பைலர் வாயைத் திறக்காது.

லாக் விஷயத்தைப் பிடித்துக்கொண்டே ரஸ்டுக்குப் போகலாம், அங்கே அதே தவறு எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே பாதி ரிவ்யூ முடிந்துவிடும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் மியூடெக்ஸை (லாக்கை) பூட்டி, அந்த கார்டை (பூட்டு கையில் இருக்கிறது என்பதற்கான பொருளை) வைத்துக்கொண்டே அவெய்ட் எழுதி, டாஸ்கைப் பல த்ரெட்டுகளில் ஓடும் எக்ஸிக்யூட்டரிடம் (டாஸ்க்குகளை ஓட்டும் பகுதியிடம்) கொடுத்துப் பாருங்கள். கம்பைல் ஆகாது. இந்த ஃப்யூச்சரை (ரஸ்டில் அசிங்க் ஃபங்ஷன் தரும் பொருளை) த்ரெட் விட்டு த்ரெட் பத்திரமாக அனுப்ப முடியாது என்று சொல்லி, கார்டு பிறந்த வரி இது, அவெய்ட் நடக்கும் வரி இது, அப்போது கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அடிக்கோடு போட்டுக் காட்டும். இதைச் செய்ய முடிவது எப்படி? ஃப்ரேம் இங்கே ஒரு டைப். கம்பைலருக்கு ஃப்ரேமுக்குள் என்ன இருக்கிறது என்று டைப் செக் செய்யும்போதே தெரியும். சி++ மறைத்து வைத்ததை ரஸ்ட் திறந்து வைத்தது, நல்லதும் கெட்டதும் இரண்டுமே அதிலிருந்துதான் வருகின்றன.

ரஸ்டும் முதலில் இந்த வழியில் வரவில்லை. 1.0-க்கு முன் அதில் க்ரீன் த்ரெட் (ரன்டைமே ஓட்டும் இலகுவான த்ரெட்) இருந்தது, 2014-இல் அதைத் தூக்கிவிட்டார்கள், ரன்டைமைச் சுமக்கும் மொழியை சி இருக்கும் இடத்தில் எல்லாம் நுழைக்க முடியாது என்பதால். 2016-இல் ஃப்யூச்சர்ஸ் லைப்ரரி வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக லாம்டா போன்ற க்ளோஷரைக் கோத்துக்கொண்டே போகும் பாணி, எரர் மெசேஜ் ஒரு பக்கத்துக்கு வரும், நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு ரெஃபரன்ஸைக் கொண்டுபோவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஒரு பஃபரை லோக்கலாக வைத்து, அதன் ஒரு துண்டைக் கடன் வாங்கி, அதற்குள் படி என்று அவெய்ட் செய்வது மிகச் சாதாரண ஆசை. ஆனால் அப்படிச் செய்தால் ஃப்ரேமுக்குள் இருக்கும் பாயிண்டர் அதே ஃப்ரேமுக்குள் இருக்கும் பஃபரைக் காட்டும், ஃப்ரேமை இன்னோர் இடத்துக்கு நகர்த்தினால் பாயிண்டர் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ரஸ்டிலோ எந்தப் பொருளும் சுதந்திரமாக நகரலாம் என்பது அடிப்படை விதி. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 2018-இல் ‘பின்’ என்ற டைப் வந்தது: முதல்முறை ஓட்டும்வரை ஃப்யூச்சர் எங்கே வேண்டுமானாலும் நகரட்டும், ஓடத் தொடங்கிய பிறகு நகராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடு. அதன் பிறகு, 2019 நவம்பர் 7 அன்று 1.39-இல் அசிங்க்–அவெய்ட் வெளியானது. அவெய்ட்டைப் புள்ளி வைத்துப் பின்னால் எழுதலாமா என்று நடந்த சண்டையைப் பற்றி எழுதினால் இந்த ரிவ்யூ நாளைக்கும் முடியாது. பின்னால் எழுதியதுதான் சரி.

‘பின்’ பற்றிப் புலம்பாத ரஸ்ட் ஆளை நான் பார்த்ததில்லை. என் கருத்து வேறு. அப்ளிகேஷன் எழுதுபவர் அதை அடிக்கடி தொட வேண்டியதில்லை, லைப்ரரி எழுதுபவர் தொட வேண்டும், தொடும்போது வலிக்கும், அது உண்மை. ஆனால் அந்த வலிக்குப் பதிலாகக் கிடைப்பது, ஹீப்பே இல்லாமல் ஓடும் கோரூட்டீன். எம்பஸி என்ற ஃப்ரேம்வொர்க்கை ஒரு மைக்ரோகண்ட்ரோலரில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டாஸ்கின் ஃப்ரேமும் ஸ்டாட்டிக் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும், இடம் போதவில்லை என்றால் லிங்க் செய்யும்போதே தெரிந்துவிடும், ராத்திரி மூன்று மணிக்கு ஃபீல்டில் தெரியாது. புரோட்டோத்ரெட்ஸில் நாம் கையால் கட்டிய அந்த ஸ்ட்ரக்டை இங்கே கம்பைலர் கட்டித் தருகிறது, ஐ-யும் குப்பையாகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே 4.

மிச்சம் ஒரு மதிப்பெண் எங்கே போனது? முதலில் அளவு. ரஸ்ட் தன் ஃபங்ஷனை ஸ்டேட் மெஷினாக வெட்டுவது எல்எல்விஎம் கைக்குப் போவதற்கு முன்பு, எம்ஐஆர் என்ற தன் சொந்த இடைநிலை வடிவத்தில். அதனால் ஆப்டிமைசர் கழித்திருக்கக்கூடிய பல விஷயங்கள் ஃப்ரேமில் அப்படியே தங்கிவிடும். 4096 பைட் பஃபர் ஒன்று உயிரோடு இருக்கும்போது அவெய்ட் எழுதினால் அந்த ஃப்யூச்சர் 4096-ஐத் தாண்டும், அதை அழைப்பவர் அதைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்வார், அவரை அழைப்பவர் அவரையும் சேர்த்து. ஒரு ஃப்யூச்சரை ஆர்க்யுமெண்ட்டாக வாங்கி அவெய்ட் செய்தால், வாங்கிய இடம் ஒன்று, அவெய்ட்டுக்காக நகர்த்திய இடம் ஒன்று என்று இரண்டு மடங்காகிவிடுவதும் உண்டு. இப்படி மூன்று நான்கு அடுக்கு ஏறினால், வெறும் உறை (ரேப்பர்) போலத் தெரியும் ஃபங்ஷன் பல பத்து கிலோபைட் எடையோடு நிற்கும், டீபக் பில்டில் அதை ஸ்டாக்கில் நகர்த்தும்போதே ஸ்டாக் வெடித்துவிடும். ஸ்டாக் இல்லாத கோரூட்டீனால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. க்ளிப்பி என்ற ரஸ்ட் சோதனைக் கருவியில் பெரிய ஃப்யூச்சரைக் காட்டிக்கொடுக்கும் லின்ட் (எச்சரிக்கை) இருக்கிறது, முதல் நாளே அதை ஆன் செய்துவிடுங்கள்.

அடுத்து, ஃப்ரேம் ஒரு டைப் என்றால் அதன் அளவு முடிவானதாக இருக்க வேண்டும், தன்னையே அழைக்கும் அசிங்க் ஃபங்ஷனுக்கு அப்படி ஓர் அளவு கிடையாது, தன் ஃப்ரேமுக்குள்ளேயே தன் ஃப்ரேம் இருக்க வேண்டும். எனவே ரிகர்ஷனுக்கு பாக்ஸ் (பொருளை ஹீப்பில் வைத்து பாயிண்டர் தரும் டைப்) போட்டே ஆக வேண்டும், 2024-இல் வந்த 1.77-க்குப் பிறகு எழுதுவது கொஞ்சம் எளிது, அவ்வளவுதான். ட்ரெய்ட்டில் (ரஸ்டின் இடைமுகத்தில்) அசிங்க் ஃபங்ஷன் எழுத 2023 டிசம்பர் வரை, 1.75 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போதும் அந்த ட்ரெய்ட்டை டைன் (எந்த டைப் என்பது ஓடும்போது முடிவாகும் முறை) வழியாக நேரடியாகப் பயன்படுத்த முடியாது. சி++-இல் வர்ச்சுவல் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அங்கே ஹீப்புக்குக் கொடுத்த விலைக்கு இங்கே ஒரு லாபம்.

எல்லாவற்றையும் விட நான் அதிகம் உதை வாங்கியது கேன்சலேஷனில். ரஸ்ட் ஃப்யூச்சர் தானாக எதுவும் செய்யாது, யாராவது தயாரா தயாரா என்று கேட்டால்தான் நகரும். கேட்பதை நிறுத்தி, ஃப்ரேமை ட்ராப் செய்துவிட்டால் (அழித்துவிட்டால்) அது ரத்து. கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஆனால் டோக்கியோ என்ற ரஸ்ட் அசிங்க் லைப்ரரியின் செலக்ட் மேக்ரோவில் இரண்டு ஃப்யூச்சர்களை ஓட்டவிட்டு, ஒன்று முடிந்ததும் மற்றது ட்ராப் ஆகும்போது, அந்த மற்றது சாக்கெட்டிலிருந்து பத்து பைட்டில் ஆறைப் படித்து வைத்திருந்தால் அந்த ஆறும் அதோடு போச்சு. அடுத்த சுற்றில் ஏழாவது பைட்டை முதல் பைட் என்று நம்பிப் படிப்பீர்கள். எந்தெந்த மெத்தட் கேன்சல் ஆனாலும் பத்திரம், எது இல்லை என்று டோக்கியோவின் டாக்குமெண்ட்டில் எழுதியிருக்கிறது, ரீட் எக்ஸாக்ட் (கேட்ட பைட் முழுவதையும் படிப்பது) பத்திரமில்லாத பட்டியலில் இருக்கிறது. டாக்குமெண்ட்டில்தான் இருக்கிறது, டைப்பில் இல்லை. ட்ராப்புக்குள் அவெய்ட் செய்யவும் முடியாது, எனவே கனெக்ஷனை மரியாதையாக மூடிவிட்டுப் போக வேண்டும் என்றால் அதை முன்கூட்டியே வேறு வழியில் ஏற்பாடு செய்ய வேண்டும். கம்பைலர் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையோடு வருபவர்களுக்கு இந்த இடம் நிஜமாகவே குழி.

ஸிக். 2019-இல் 0.5 வெளியானபோது எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஃப்ரேம் அழைப்பவரின் கையில், அளவு கம்பைல் நேரத்தில், ஹீப் இல்லை, அதற்கு மேல் நிறமும் இல்லை: ஒரு ஃபங்ஷனுக்குள் நிற்கும் இடம் இருக்கிறதா என்று கம்பைலரே பார்த்து, இருந்தால் கோரூட்டீனாக்கிவிடும், நீங்கள் எதையும் எழுதிவைக்க வேண்டாம். காகிதத்தில் இதைவிட அழகான பதில் இல்லை. ஆனால் ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக அழைத்தால் எதிரில் இருப்பது கோரூட்டீனா, அதன் ஃப்ரேம் எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்? அங்கே நீங்களே ஒரு பஃபர் கொடுத்து, போதும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். ரிகர்ஷனிலும் அதே சிக்கல். 2022-இல் கம்பைலரைப் புதிதாக ஸிக்கிலேயே எழுதி அதை முதன்மையாக்கியபோது அசிங்க் அதில் சேரவில்லை, 2025-இல் வந்த 0.15-இல் கீவேர்டுகளையே நீக்கிவிட்டார்கள். இப்போதைய திட்டப்படி, ஆலோகேட்டரை (நினைவகம் ஒதுக்கும் பொருளை) கையில் கொடுப்பது போல ஐஓ என்ற ஒரு இடைமுகத்தை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கொடுப்பீர்கள், பின்னால் ஓடுவது த்ரெட்டா, தனி ஸ்டாக்கா, வேறேதுமா என்பது அதைச் செய்தவர் பாடு. ஸ்டாக்லெஸ்ஸைத் தாழ்நிலைக் கருவியாகத் திரும்பக் கொண்டுவரும் முன்மொழிவும் இருக்கிறது. சரியாக வராததை மொழியிலிருந்து தூக்கும் தைரியம் எனக்குப் பிடிக்கும். அதை நம்பி கோட் எழுதி வைத்திருந்தவர்களிடம் இதைச் சொன்னால் அடிப்பார்கள்.

டீபக்கிங்கைப் பற்றி யாரும் ரிவ்யூவில் எழுதுவதில்லை, வாங்கிய பிறகு தினமும் உட்காரப்போவது அங்கேதான். ஓடிக்கொண்டிருக்கும் கோரூட்டீனில் நிறுத்தி பேக்ட்ரேஸ் (யார் யாரை அழைத்தார்கள் என்ற பட்டியல்) எடுத்தால் ரஸ்டில் ஓரளவு பிழைக்கலாம், ஏனென்றால் மேலே இருக்கும் ஃப்யூச்சர் கீழே இருப்பதைக் கேட்கும், அது தன் கீழே இருப்பதைக் கேட்கும், அந்தச் சங்கிலி முழுசாக நிஜ ஸ்டாக்கிலேயே தெரியும். சி++-இல் ஹாண்டில் நேராக உள்ளே இருக்கும் கோரூட்டீனையே எழுப்பும், முடிந்ததும் சிமெட்ரிக் டிரான்ஸ்ஃபர் வழியாகக் காத்திருப்பவரிடம் தாவும், ஸ்டாக் வளராமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள், அது நல்ல வடிவமைப்பும்கூட. ஆனால் பேக்ட்ரேஸில் ஈவெண்ட் லூப் ஒன்று, கடைசிக் கோரூட்டீன் ஒன்று, நடுவில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அடியோடு இருக்காது. வேகம் ரஸ்டில் அந்தச் சங்கிலியை ஒவ்வொரு முறையும் மேலிருந்து இறங்குவதில் கொஞ்சம் போகிறது, சி++-இல் போவதில்லை. நின்றுகொண்டிருக்கும் டாஸ்கைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டிலும் சாதாரண டீபக்கர் கைவிரித்துவிடும், ஹீப்பில் கிடக்கும் ஃப்ரேமை யாரும் ஸ்டாக் என்று அதற்குச் சொல்லவில்லை.

எதை எடுப்பது என்று கேட்டால்: சில கிலோபைட் ரேமும் பழைய சி கம்பைலரும்தான் இருக்கிறது என்றால் புரோட்டோத்ரெட்ஸ், லோக்கல் எதுவும் வைக்காமல் எல்லாம் ஸ்ட்ரக்டில். ரஸ்ட் ஓடும் சிப் என்றால் எம்பஸி, யோசிக்கவே வேண்டாம். புதிதாக எழுதும் நெட்வொர்க் சர்வருக்கு ரஸ்ட், செலக்ட்டை எழுதும் ஒவ்வொரு இடத்திலும் இது பாதியில் செத்தால் எது காணாமல் போகும் என்று கமெண்ட் எழுதச் சொல்லும் விதியோடு. ஏற்கெனவே பெரிய சி++ கோட் இருக்கிறது, கால்பேக் காட்டில் மூச்சு முட்டுகிறது என்றால் சி++20 கோரூட்டீனைத் தாராளமாக எடுங்கள், சொந்தமாக டாஸ்க் எழுதாதீர்கள், நன்றாகப் புழங்கிய லைப்ரரி ஒன்றை எடுங்கள், அட்ரஸ் சானிடைசரை (அழிந்த நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும் கருவியை) போட்டே டெஸ்ட் ஓட்டுங்கள். ஆயிரக்கணக்கில் கனெக்ஷன் இல்லை, நூறு இருநூறுதான் என்றால் சாதாரண த்ரெட் போதும், இந்த ரிவ்யூவே உங்களுக்குத் தேவையில்லை.

ரஸ்டில் அசிங்க் ட்ராப் (ட்ராப்புக்குள் அவெய்ட் செய்யும் வசதி) ஸ்டேபிள் ஆகும் நாளில் மீதி அரை மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறேன். இன்னொரு அரை, அந்த ஆர்க்யுமெண்ட் இரண்டு மடங்காவதைச் சரிசெய்தால்.